ராக் பேண்டின் முதல் ஆல்பம்: ஒத்திகை அறையிலிருந்து ரிலீஸ் வரை

1963 பிப்ரவரி 11 அன்று காலையில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்குள் போன பீட்டில்ஸ், ராத்திரி வெளியே வருவதற்குள் பத்துப் பாட்டை முடித்துவிட்டார்கள். ஏற்கெனவே சிங்கிளாக (ஆல்பத்துக்கு முன் தனியாக விடும் பாட்டாக) வந்திருந்த நான்கையும் சேர்த்து 14 பாட்டோடு அவர்களுடைய முதல் ஆல்பம் அடுத்த மாதமே கடைக்கு வந்தது. 1969 அக்டோபரில் பிளாக் சப்பாத் தங்கள் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் வாசித்து முடித்தது. லெட் செப்பலினுக்கு ஆனது சுமார் 36 மணி நேரம். 1989இல் வந்த நிர்வாணாவின் முதல் ஆல்பத்துக்கு ஸ்டுடியோ பில் 606 டாலர் சொச்சம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் நாமும் ரெண்டு நாளில் முடித்துவிடலாம்" என்று கிளம்பும் பேண்டுகள் உண்டு. ஹாம்பர்க் கிளப்புகளிலும் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலும் பீட்டில்ஸ் எத்தனை ராத்திரி வாசித்தார்கள் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. லெட் செப்பலின்கூட ஸ்காண்டிநேவியாவில் ஒரு சுற்று கச்சேரி முடித்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்குப் போனது. இவர்கள் யாரும் அங்கே போய்ப் பாட்டு கட்டவில்லை. கைக்கு வந்த பாட்டைப் பதிந்துகொண்டு திரும்பினார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்த எம்.ஐ.டி. பட்டதாரி டாம் ஷோல்ஸ், தன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஸ்டுடியோ அமைத்து, வருடக்கணக்கில் அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். அதிலிருந்து வந்ததுதான் 1976இல் வந்த பாஸ்டன் பேண்டின் முதல் ஆல்பம். ஸ்டுடியோ சொந்தமானது என்பதால் வாடகை மீட்டர் ஓடவில்லை.

ஆக, பாட்டு கைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டுடியோ கைக்குள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் பணம் கரையும், அதற்கப்புறம் நட்பு கரையும். சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ லேபிள் எனும் இசைக் கம்பெனியின் துணையில்லாமல், சொந்தப் பணத்தில், சொந்தப் பாட்டோடு முதல் ஆல்பம் போட நினைக்கும் நாலைந்து பேருக்காக இதை எழுதுகிறேன்.

1. எட்டுப் பாட்டு போதும்

உங்களிடம் ஆல்பம் இருக்கிறதா, நாலு பாட்டுதான் இருக்கிறதா? ஆப்பிள் மியூசிக்கின் கணக்கில் ஆல்பம் என்றால் ஏழு பாட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அல்லது மொத்த நீளம் 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டும். நாலு முதல் ஆறு பாட்டு, அரை மணிக்குள் என்றால் அது இ.பி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலருக்கு இ.பி.தான் சரியான முதல் அடி.

ஆல்பம்தான் என்று முடிவு செய்தால் 35 முதல் 40 நிமிடம் நல்ல அளவு. வினைல் தட்டில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல் போனால் ஒலியின் பலம் குறையும் என்பதால் வந்த பழக்கம் அது. தட்டு போன பிறகும் காது அந்த அளவுக்குப் பழகிவிட்டது. 12 பாட்டு வைத்துக்கொண்டு எட்டைத் தேர்ந்தெடுங்கள். மேடையில் வாசித்துப் பார்க்காத பாட்டு எதையும் உள்ளே விடாதீர்கள். கல்லூரி கல்ச்சுரல்ஸ், கஃபே, நண்பர் வீட்டு மொட்டை மாடி, எதுவானாலும் சரி. எந்த இடத்தில் கூட்டம் சலித்துப்போய்ப் போனை எடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் கிட்டார் சோலோவாக இருக்கும். கிட்டாரிஸ்ட் ஒத்துக்கொள்ள மாட்டார். வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

பழைய சினிமாப் பாட்டை ராக்காக்கி வாசித்துக் கைதட்டல் வாங்கிய பேண்டுகளுக்கு அதையும் ஆல்பத்தில் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின் கீழ் கவர் (பிறர் பாட்டின் மறுபதிவு) போட வழி உண்டுதான். ஆனால் மூலப் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். முதல் ஆல்பத்துக்கு இந்தத் தலைவலி எதற்கு?

2. முதலில் கையெழுத்து, அப்புறம் கச்சேரி

நண்பர்களுக்குள் என்ன அக்ரிமென்ட் என்று கேட்பார்கள். நண்பர்களாகவே இருக்க வேண்டும் என்றால்தான் அது தேவை.

ஒரு பாட்டில் மூன்று சொத்து ஒளிந்திருக்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. இந்தியச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அந்தப் பதிவு யாருடையது? அதைத் தயாரிக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்ட 'தயாரிப்பாளர்' யாரோ அவருடையது. பேஸ் வாசிப்பவரின் மாமா ரெண்டு லட்சம் கொடுத்து ஸ்டுடியோ புக் செய்து, எதுவும் எழுதி வைக்காவிட்டால், "மாஸ்டர் பதிவு என்னுடையது" என்று நாளைக்கு அவர் சொல்ல இடமிருக்கிறது. அது கடனா, அன்பளிப்பா, பங்கா என்று அன்றே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி, மெட்டின் பங்கைப் பிரிப்பதில் இரண்டு மரபு உண்டு. ஆர்.இ.எம். பேண்டு போல யார் எழுதினாலும் நால்வர் பெயரும் சமமாகப் போடுவது ஒன்று. எழுதியவருக்கு மட்டும் கொடுப்பது மற்றொன்று. என்னைக் கேட்டால், முதல் ஆல்பத்தில் ஒலிப்பதிவின் பங்கு எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும். வரி, மெட்டுப் பங்கை மட்டும் பாட்டுக்குப் பாட்டு எழுதிக்கொள்ளலாம். டிரம்மர் கொண்டுவந்த தாளத்தின் மேல்தான் பாட்டே நிற்கிறது என்றால் அவருக்கும் மெட்டில் பங்கு கொடுங்கள். எந்தப் பேண்டு உடைந்த கதையைக் கேட்டாலும் கடைசியில் ஒரு டிரம்மரின் மனவருத்தம் இருக்கும்.

அக்ரிமென்ட்டில் இருக்க வேண்டிய மற்ற விஷயங்கள்: ஒருவர் விலகினால் பேண்டின் பெயர் யாருக்கு, அவர் வாசித்த பதிவை மற்றவர்கள் தொடர்ந்து விற்கலாமா, செலவு போக மிச்சம் வந்தால் முதலில் யார் பணம் திரும்பும். முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். வெளியிலிருந்து வயலினோ பறையோ வாசிக்க வருபவருக்கும் ஒரு பக்கத் தாள் வேண்டும்: இவ்வளவு பணம் கொடுத்தோம், பெயர் போடுகிறோம், பதிவைப் பயன்படுத்த அவர் சம்மதிக்கிறார் என்று.

பெயர் வைக்கும்போதே ஸ்பாட்டிஃபை, யூடியூப், டிரேட்மார்க் தளம் மூன்றிலும் தேடிப் பாருங்கள். அதே பெயரில் பிரேசிலில் ஒரு மெட்டல் பேண்டு இருந்தால் உங்கள் பாட்டு அவர்கள் பக்கத்தில் போய் விழும். பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்வதென்றால் 41ஆம் வகுப்பு (பொழுதுபோக்குச் சேவை). தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு ரூ.4,500.

நடுவில் ஏதாவது லேபிள் வந்து ஒப்பந்தம் நீட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை லேபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. 2012 திருத்தம் தந்த பாதுகாப்பு அது. "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்ற வரியைப் பார்த்துப் பயந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

3. ஒத்திகைதான் ஆல்பம்

ஒத்திகை அறையின் நடுவில் ஒரு போனை வைத்து எட்டுப் பாட்டையும் பதியுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். வாசிக்கும்போது பிரமாதமாக இருந்த ஆரம்ப இசை ஒரு நிமிடம் பத்து விநாடி நீளுவது அப்போதுதான் உறைக்கும்.

பாட்டுக்கு ஒரு தாள் போடுங்கள். சுருதி, வேகம், அமைப்பு மூன்றும் அதில் இருக்கட்டும். வேகத்தை எண்ணாகவே எழுதுங்கள்: நிமிடத்துக்கு 132 அடி என்பது போல. அதிலிருந்து நாலு கூட்டியும் நாலு குறைத்தும் வாசித்துப் பாருங்கள். மேடையில் ரத்தம் சூடாக இருப்பதால் எல்லாம் வேகமாகத்தான் போகும். அதே வேகத்தை ஹெட்போனில் கேட்டால் பாட்டு மூச்சு வாங்கும். சுருதியைப் பாடகர் முடிவு செய்யட்டும். கிட்டாரில் ஈ கார்டு விரலுக்கு வசதி என்பதற்காக, பல்லவியின் உச்ச ஸ்வரத்தில் அவர் தொண்டை கிழிய வேண்டிய அவசியமில்லை. அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்துகொள்ளலாம்.

கிளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஓடும் டிக் டிக் சத்தம்) வைத்து வாசிப்பதா வேண்டாமா என்ற சண்டை எல்லாப் பேண்டிலும் உண்டு. பின்னால் ஒட்டு வேலை, கூடுதல் இசைக்கருவி, புரோகிராமிங் எல்லாம் வரும் என்றால் கிளிக் அவசியம். நாலு பேரும் ஒரே அறையில் ஒரே மூச்சில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் இல்லாமலும் போகலாம். கிளிக்கோடு என்று முடிவு செய்தால் டிரம்மருக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். ஸ்டுடியோவில் வைத்து முதல்முறையாகக் காதில் டிக் டிக் கேட்கும் டிரம்மரைப் போலப் பாவப்பட்டவர் கிடையாது.

தமிழில் பாடும் பேண்டுகள் வரிகளை இந்தக் கட்டத்திலேயே உலுக்கிப் பார்க்க வேண்டும். டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு மேல் குறிலை இழுத்தால் நெடிலாகத்தான் காதில் விழும். 'படம்' என்று எழுதியதில் முதல் எழுத்தை நாலு அடிக்கு நீட்டினால் கேட்பவருக்கு 'பாடம்'. நீண்ட ஸ்வரம் எங்கே வருகிறதோ அங்கே ஆ, ஏ, ஓ போன்ற நெடில் வந்து உட்கார வேண்டும். வாய் அகலத் திறப்பதால் பாடகருக்கும் சத்தம் எழும். 'வந்து', 'நின்று', 'கேட்டு' என்று முடியும் வரிகளின் கடைசி உகரம் சிம்பல் சத்தத்தில் காணாமல் போய்விடும். அதைப் பலமான அடியில் வைக்காதீர்கள். ஆங்கில ராக்கின் மெட்டை முதலில் 'லா லா' என்று பாடி வைத்துவிட்டு அதற்குள் தமிழைத் திணிக்கும்போதுதான் இந்தக் கோளாறு அதிகம் வரும். நம்மூர் கானாக்காரர்களிடம் இது வராது, அவர்களுக்குச் சொல்லும் தாளமும் ஒன்றாகவே பிறக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் அவியல் பேண்டு 2008இல் தன் முதல் ஆல்பத்தை முழுக்க மலையாளத்தில் போட்டது. அதைக் கேட்டால் சொல்லின் இயல்பான அழுத்தத்தில் கிட்டார் எப்படி உட்காரலாம் என்று தெரியும்.

கடைசியாக, கிளிக்கோடு ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும் உள்ள வழித்தடம் ஒன்றை ஒவ்வொரு பாட்டுக்கும் வீட்டிலேயே பதிந்து கொண்டுபோங்கள். டிரம்மர் அதைக் கேட்டுத்தான் வாசிப்பார்.

4. ஸ்டுடியோவும் பட்ஜெட்டும்

கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டுடியோவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை சினிமா வேலைக்காகக் கட்டியவை: ஒரு கன்ட்ரோல் ரூம், ஒரு குரல் பூத். டிரம்ஸ் கிட் வைத்தால் கதவு மூடாது. அதனால் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். டிரம்ஸுக்குத் தனி அறை உண்டா? ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிய முடியும்? எட்டு குறைந்தபட்சம், பன்னிரண்டு இருந்தால் நிம்மதி. கிட் அவர்களுடையதா, நாம் கொண்டுவர வேண்டுமா? அப்புறம் நேரில் போய் ஒரு ஸ்நேர் டிரம்மை அடித்துக் கேளுங்கள். அறை நல்லதா இல்லையா என்று அந்த ஓர் அடி சொல்லிவிடும். கிட்டாரையும் எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் எர்த்திங் சரியில்லை. சிங்கிள் காயில் பிக்கப் (இரைச்சலை எளிதில் பிடிக்கும் வகை) உள்ள கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு அது நரகம்.

வாடகை மணிக்கணக்கிலா, கால்ஷீட் கணக்கிலா, இன்ஜினியர் சம்பளம் அதில் சேர்த்தியா என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். குறைந்த செலவுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: டிரம்ஸை மட்டும் நல்ல ஸ்டுடியோவில் இரண்டு அல்லது மூன்று நாளில் முடியுங்கள். பேஸும் கிட்டாரும் வீட்டில், ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸில் பதியலாம். குரலுக்குத் திரும்பவும் ஒரு நல்ல பூத். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மிக்ஸிங் (பதிந்த தடங்களை அளவாகக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் கடைசி ஒலிச்சீர்) இரண்டுக்கும் ஒதுக்குங்கள். கால் பங்கையாவது ரிலீஸுக்குத் தொடாமல் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்டுடியோவில் கொட்டிவிட்டு, ஆல்பம் அட்டைக்குப் பணமில்லாமல் தம்பியின் போன் படத்தைப் போட்ட ஆல்பங்கள் நிறைய இருக்கின்றன.

5. டிரம்ஸ் நாள்

ராக் ஆல்பம் நன்றாக ஒலிக்கிறதா இல்லையா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் நாள் மாலையே கிட்டுக்குப் புதுத் தோல் மாட்டி, இழுத்து டியூன் செய்து, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். புதுத் தோல் கொஞ்சம் தளரும். காலையில் திரும்ப ஒரு முறை டியூன் செய்யுங்கள். ஸ்டிக் நாலு ஜோடி, கிட்டார் கம்பி ரெண்டு செட், ஒன்பது வோல்ட் பேட்டரி, ஜாக் கேபிள் எல்லாம் முன்னாடியே வாங்கி வையுங்கள். கம்பியும் ஸ்டிக்கும் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் கிடைக்கும், கேபிளும் ஜாக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவு. ரெக்கார்டிங் நடுவில் ஓடிப்போய் வாங்கினால் ஒரு மணி நேர வாடகை போக்குவரத்து நெரிசலில் போய்விடும்.

மைக் வைப்பது இன்ஜினியர் வேலைதான். ஆனாலும் நடப்பது உங்களுக்குப் புரிய வேண்டும். கிக் எனும் கால் டிரம்முக்குள் ஒன்று, ஸ்நேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, டாம் எனும் மற்ற டிரம்களுக்குத் தனித்தனி, தலைக்கு மேல் ஓவர்ஹெட் இரண்டு, அறையின் மூலையில் ஒன்றோ இரண்டோ. ஓவர்ஹெட் இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. ஒரு நூலை ஸ்நேரில் அழுத்திப் பிடித்து, முதல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போட்டு, அதே முடிச்சு இரண்டாவது மைக்கைத் தொடுகிறதா என்று பாருங்கள். தூரம் மாறினால் ஸ்நேர் சத்தம் இரண்டு மைக்குக்கும் முன்பின்னாக வந்து சேர்ந்து சூம்பிப் போகும். ஸ்நேருக்குக் கீழே உள்ள மைக்கின் போலாரிட்டியையும் (ஒலி அலையின் மேல் கீழ் திசை) திருப்பிக் கேட்டுப் பாருங்கள். மேலே உள்ள மைக் தோல் கீழே போவதைப் பார்க்கும்போது கீழே உள்ளது தன்னை நோக்கி வருவதைப் பார்க்கிறது. திருப்பினால் அடிவயிற்றுச் சத்தம் திரும்ப வந்துவிடும்.

மைக் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். லெட் செப்பலின் முதல் ஆல்பத்தைப் பதிந்த கிளின் ஜான்ஸ் பெயரால் ஒரு முறையே உண்டு: ஸ்நேருக்கு நேர் மேலே ஒன்று, ஃப்ளோர் டாமுக்குப் பக்கவாட்டில் ஸ்நேரிலிருந்து அதே தூரத்தில் ஒன்று, கிக்குக்கு ஒன்று. தேவைப்பட்டால் ஸ்நேருக்கு அருகில் இன்னொன்று. டிரம்மர் சிம்பலை அடக்கி, டாமைப் பலமாக அடிக்கத் தெரிந்தவராக இருந்தால் மூன்று நாலு மைக்கில் அற்புதமாக வரும்.

பறை சேர்ப்பதாக இருந்தால் அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். தீயில் வாட்டித் தோலை ஏற்றியதும் வாசித்துவிட வேண்டும், சூடு ஆற ஆறச் சத்தம் இறங்கும். ஸ்டுடியோவுக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். வாசலில் வாட்டும் இடத்திலிருந்து மைக் வரை எத்தனை அடி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள், பக்கத்தில் வைத்தால் குச்சி அடிக்கும் 'டக்' மட்டும்தான் வரும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மீட்டர் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபல் அருகே நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டியதே இல்லை. ஒரு பாட்டை மூன்று நாலு முறை முழுதாக வாசியுங்கள். அதற்கு மேல் போனால் கை சோர்ந்து மோசமாகத்தான் ஆகும். கடினமான பாட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியுங்கள். பிரியாணிக்குப் பிறகு எந்த டிரம்மரும் டபுள் பெடல் வாசித்ததில்லை.

6. கிட்டார், பேஸ், குரல்

பேஸுக்கு டிஐ பாக்ஸ் (ஆம்ப் இல்லாமல் கருவியை நேராகப் பதிய உதவும் பெட்டி) வழியாக ஒரு சுத்தமான தடம் எப்போதும் எடுங்கள். ஆம்ப் சத்தம் கூடுதலாக இருந்தால் நல்லது. கிட்டாருக்கும் அப்படியே: ஆம்ப் முன்னால் எஸ்எம்57 மைக் ஒன்று, கூடவே டிஐ. பின்னால் ஆம்ப் சத்தம் பிடிக்காமல் போனால் டிஐ தடத்தைத் திரும்ப ஒரு ஆம்ப்பில் ஓட்டிக்கொள்ளலாம். மைக் ஸ்பீக்கர் கோனின் நடுவில் இருந்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்ந்தால் உருண்டை. ஓர் அங்குலம் நகர்த்துவது பத்து நிமிட ஈக்யூ (ஒலித் திருத்த) வேலைக்குச் சமம். மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனில் பாதி வையுங்கள். ரிதம் கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் போட்டாலே அந்தப் 'பெரிய' சத்தம் வந்துவிடும். ஒரே வாசிப்பைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் வராது.

குரல் ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பாட்டையும் முழுதாக நாலைந்து தடவை பாடி, நல்ல வரிகளைத் தேர்ந்து இணைக்கலாம். கத்திப் பாடும் பாட்டை நாளின் கடைசியில் வையுங்கள். பீட்டில்ஸ் அந்த 1963 பிப்ரவரி நாளில் தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்குத்தான் ஒதுக்கினார்கள், ஜான் லெனனுக்கு அன்று ஏற்கெனவே ஜலதோஷம் வேறு.

தினமும் கிளம்பும் முன் இரண்டு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். இரண்டும் ஒரே பையில் போகக்கூடாது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

7. மிக்ஸிங், மாஸ்டரிங்

மிக்ஸ் செய்பவர் ராக் கேட்பவராக இருக்க வேண்டும். சினிமா மிக்ஸ் பழக்கத்தில் குரலை முன்னால் தூக்கி நிறுத்தி, டிரம்ஸைப் பின்னால் ஒளித்துவிடும் ஆபத்து இங்கே அதிகம். பேச்சில் சொல்லாமல், உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்களின் பாட்டை மாதிரியாகக் கொடுங்கள். ஒரு பாட்டை மட்டும் முதலில் முடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மீதியைக் கொடுங்கள்.

திருத்தம் எத்தனை தடவை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இரண்டோ மூன்றோ. பேண்டில் ஒருவர் மட்டும் எல்லோர் குறிப்பையும் தொகுத்து, நிமிடம் விநாடியோடு ஒரே பட்டியலாக அனுப்பட்டும். நாலு பேரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் "என் கிட்டார் கேட்கவில்லை அண்ணே" என்று அனுப்பினால் அந்த மனிதர் போனையே எடுக்க மாட்டார். கார், மலிவு இயர்போன், போன் ஸ்பீக்கர் மூன்றிலும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் மெட்டே காணவில்லை என்றால் பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்க்கச் சொல்லுங்கள், அந்த மேல்சத்தம்தான் சின்ன ஸ்பீக்கரில் வரும்.

மாஸ்டரிங்கை வேறொருவர் செய்வது நல்லது, புதுக் காது வேண்டும். ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிக்க விடுகிறது. அதைத் தாண்டி நசுக்கி நசுக்கிச் சத்தமாக்கினாலும் அங்கே குறைத்துவிடுவார்கள், நசுங்கியதுதான் மிச்சம். ராக் என்பதால் மைனஸ் 10 வரை போவது சகஜம், டிரம்ஸின் அடி உயிரோடு இருக்கிறதா என்பதைக் காதால் பாருங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பாட்டு வரிசையையும் இடைவெளியையும் மாஸ்டரிங் நடக்கும்போதே முடிவு செய்யுங்கள். வாய்ஸ் இல்லாத இன்ஸ்ட்ருமென்டல் பதிப்பையும் அதே நாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அந்த புராஜெக்ட் ஃபைல் திறக்காது.

8. பெயர், எண், டிஸ்ட்ரிபியூட்டர்

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல், சதுரம். அதில் இணைய முகவரி, விலை, சமூக ஊடக லோகோ எதுவும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனில் கட்டைவிரல் அளவில் சுருக்கிப் பார்த்துப் பெயர் படிக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு முறை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ழகரத்துக்கு ஒரு பாட்டில் ஒன்று, அடுத்ததில் வேறொன்று என்று போனால் தேடுபவருக்குக் கிடைக்காது. மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள்.

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்களில் டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபி ரிலீஸுக்கு ஒரு முறை கட்டணம் வாங்கி, வரும் பணத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பேண்டு நாளைக்குக் கலைந்தாலும் பாட்டு நிற்க வேண்டும் என்றால் இரண்டாவது வகை நல்லது. ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணை (ஒலிப்பதிவின் அடையாள எண்) அவர்களே கொடுப்பார்கள், அதைக் குறித்து வையுங்கள். யூடியூப் கன்டென்ட் ஐடியில் (உங்கள் பாட்டு வரும் வீடியோக்களைக் கண்டுபிடிக்கும் முறை) சேர்க்கலாமா என்று கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் லூப்பைப் பாட்டில் பயன்படுத்தியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே லூப்பை வைத்திருக்கும் மற்றவர்கள் வீடியோவிலெல்லாம் போய் உரிமை கேட்டு நிற்கும்.

வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஐபிஆர்எஸ்ஸில் (வரி, மெட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம், இது வரிக்கும் மெட்டுக்கும் தனியாக வருவது. பதிப்புரிமை பாட்டு உருவானதுமே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. சான்று வேண்டும் என்றால் வரி அல்லது மெட்டுக்கு ரூ.500, ஒலிப்பதிவுக்கு ரூ.2,000 அரசுக் கட்டணம்.

9. ரிலீஸ் நாள்காட்டி

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது இசை வெள்ளிக்கிழமைதான் வருகிறது. மாஸ்டர் கையில் வந்த நாளிலிருந்து எட்டு வாரம் தள்ளி ஒரு வெள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பொங்கல், தீபாவளி, பெரிய நடிகர் பட ஆடியோ வரும் வாரம் எல்லாவற்றையும் தவிருங்கள், உங்களைப் பற்றி எழுத நினைக்கும் நாலு பேருக்கும் அன்று வேறு வேலை இருக்கும்.

ஆறு வாரம் முன்னால் முதல் சிங்கிள், மூன்று வாரம் முன்னால் இரண்டாவது. சிங்கிளுக்குக் கொடுத்த அதே ஐஎஸ்ஆர்சியை ஆல்பத்திலும் கொடுத்தால் கேட்ட கணக்கு தொடர்ந்து வரும். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே பாட்டு, அதுவும் இன்னும் வெளிவராததாக இருக்க வேண்டும், குறைந்தது ஏழு நாள் முன்பு. அதனால் ஆல்பத்தின் பலமான பாட்டுகளில் ஒன்றை சிங்கிளாக விடாமல் அந்த நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

வீடியோவுக்குப் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கதை சொல்லும் வீடியோவை விட ஒத்திகை அறையில் நேரடியாக வாசிக்கும் வீடியோ மேல். அதைப் பார்த்துத்தான் கச்சேரி அமைப்பாளர்கள் கூப்பிடுவார்கள். மற்றப் பாட்டுகளுக்கு வரி ஓடும் வீடியோ போதும், வரிகளைத் தமிழ் எழுத்தில் போடுங்கள்.

வெளியீட்டுக் கச்சேரியை ரிலீஸுக்கு அடுத்த வாரம் வையுங்கள், வந்தவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு வருவார்கள். சிடி அடிப்பது இப்போது ஆசைக்குத்தான். டி-ஷர்ட் விற்கும். பேண்ட்கேம்ப் (ரசிகருக்கு நேராகப் பாட்டு விற்கும் தளம்) பக்கம் ஒன்றும் திறந்து வையுங்கள், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுக்கிறார்கள், விருப்பமிருப்பவர் விலைக்கு மேலும் கொடுக்கலாம்.

10. ரிலீஸுக்கு அப்புறம்

ஸ்ட்ரீமிங் பணம் இரண்டு மூன்று மாதம் தாமதமாக வரும், சொற்பமாக வரும். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை எதுவும் தருவதில்லை. அதை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம். டி-ஷர்ட், கச்சேரி, ஸ்ட்ரீமிங் எல்லா வரவையும் ஒரே கணக்கில் போட்டு, செலவு திரும்பும் வரை யாரும் கை வைக்காமல் இருங்கள். திரும்பிய பிறகு இரண்டாவது கட்டத்தில் எழுதிய தாளின்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பணம் வந்தால் அது சினிமாவிலிருந்தோ வெப் சீரீஸிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ வரும். உங்கள் பாட்டை ஒரு காட்சிக்குக் கேட்பார்கள், ரெண்டு நாளில் பதில் கேட்பார்கள். அப்போது இரண்டு தனி அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும், வரி, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. வசனத்துக்கு அடியில் ஓடவிட இன்ஸ்ட்ருமென்டல் பதிப்பைக் கேட்பார்கள், அதை அன்றே வாங்கி வைத்திருப்பீர்கள். எந்தக் காட்சி, எத்தனை விநாடி, எந்தெந்தத் தளம், எத்தனை ஆண்டு என்று நாலையும் எழுத்தில் வாங்குங்கள். 'முழு உரிமையும்' என்று இருக்கும் இடத்தில் 'இந்தக் காட்சிக்கு மட்டும், பிரத்தியேகமற்ற அனுமதி' என்று மாற்றி அனுப்புங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்குத் தேவை அந்த நாற்பது விநாடிதான்.